பான் லக் ஆடிய கைக்கு எட்டு அறிவுரைகள்

மருமகனே, உனக்கு 21 வயது முடிந்துவிட்டது. சூதாட்டக்கூடத்துக்குள் போகச் சட்டம் இனி உன்னைத் தடுக்காது. உன் அம்மா எனக்குப் போன் போட்டது நான் உன்னைத் தடுப்பேன் என்ற நம்பிக்கையில்தான். தடுத்தாலும் நீ போவாய், ஒன்றும் தெரியாமல் போவாய். அதனால் எழுதுகிறேன். 2010இல் செந்தோசாவிலும் மரினா பேயிலும் கூடங்கள் திறந்த நாளிலிருந்து போய்வந்தவன் நான். கீழே இருப்பதில் பாதி, தோற்றுத் தெரிந்துகொண்டது.

1. சீனப் புத்தாண்டுக்குப் பக்கத்து வீட்டில் ஆடிய பான் லக்கை வாசலோடு விட்டுவிடு. பார்வைக்கு அதுவும் கூடத்து பிளாக்ஜாக்கும் ஒரே ஆட்டம்போல இருக்கும். நம் புளோக்கில் எப்படி ஆடினோம்? கையில் 16 சேராமல் நிற்க முடியாது. நீயும் 21ஐத் தாண்டி பர்ஸ்ட், பேங்கரும் பர்ஸ்ட் என்றால் யாருக்கும் நஷ்டமில்லை. கூடத்தில் 12 வைத்துக்கொண்டுகூட நிற்கலாம். ஆனால் நீ 21ஐத் தாண்டிய நொடியே உன் காசை டீலர் அள்ளிவிடுவார். அடுத்த நிமிடம் அவரும் பர்ஸ்ட் ஆனால் உன் காசு திரும்பி வராது. கூடம் பிழைப்பதே இந்த ஒரு விதியால்தான். என் முதல் இரவில் கையில் 14, டீலருக்கு 6. பழக்க தோஷத்தில் மேசையைத் தட்டிவிட்டேன். ராணி வந்து 24. பிறகு டீலரும் பர்ஸ்ட். மேசையில் இருந்த எல்லோருக்கும் காசு வந்தது, எனக்கு மட்டும் இல்லை.

2. உன் சீட்டைப் பார்ப்பதற்கு முன் டீலரின் திறந்த சீட்டைப் பார். அவருக்குச் சொந்த யோசனை கிடையாது: 16 வரை எடுத்தே ஆகவேண்டும், 17 வந்தால் நிற்க வேண்டும். (ஏஸை 11 என்று எண்ணி வரும் 17இல் மட்டும் சில மேசைகள் இன்னொரு சீட்டு எடுக்கச் சொல்லும்.) ஒரு கட்டில் 52 சீட்டு, அதில் 10, ஜாக்கி, ராணி, ராஜா என்று பத்து மதிப்புள்ளவை 16. அதனால் அவரிடம் 4, 5, 6 தெரிந்தால் நூற்றுக்குச் சுமார் 40 முறை அவர் பர்ஸ்ட். 7 தெரிந்தால் 26 முறைதான். 10 தெரிந்தால் இன்னும் குறைவு.

இதிலிருந்து வருவதுதான் வாய்ப்பாடு. அவரிடம் 2 முதல் 6 வரை இருந்தால், உன் 13, 14, 15, 16 எல்லாவற்றிலும் நில். 12 என்றால் அவருடைய 4, 5, 6க்கு மட்டும் நில். அவரிடம் 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் 17 வரும்வரை எடு. பால்ட்வின், கான்டி, மைசல், மெக்டெர்மட் என்ற நான்கு பேர் அமெரிக்க ராணுவத்தில் இருந்தபோது மேசைக் கணக்குப் பொறியைத் தட்டித் தட்டி இதைக் கண்டுபிடித்து, 1956இல் ஒரு புள்ளியியல் இதழில் வெளியிட்டார்கள். கணினிகூட இல்லாமல் போட்ட கணக்கு, இன்றும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. நாம் ஏன் மேசையில் உட்கார்ந்து புதிதாக யோசிக்க வேண்டும்?

3. உன்னிடம் 16, அவரிடம் 10. எடுத்தாலும் போகும், நின்றாலும் போகும். எடுப்பது ஒரு மயிரிழை மேல், அவ்வளவுதான். பாதிப் பணத்தோடு சரணடைய மேசை அனுமதித்தால் சரணடை. தோற்றபின் பல்லைக் கடிக்காதே.

4. ஏஸும் 6ம் வந்தால் அது 17 என்று நினைத்து நிற்காதே. இன்னொரு சீட்டு எடுத்தால் உனக்கு பர்ஸ்ட் வரவே வராது. ஏஸும் 7ம் வந்தாலும், அவரிடம் 9, 10, ஏஸ் இருந்தால் எடு.

5. பந்தயத்தை இரட்டிப்பாக்கும் இடத்தில் பயந்து உட்கார்ந்திருப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உன்னிடம் 10 அல்லது 11, அவரிடம் 2 முதல் 9 வரை என்றால் இரட்டிப்பாக்கு. அங்கே விட்டதை வேறெங்கும் பிடிக்க முடியாது. ஜோடி வந்தால்: இரண்டு ஏஸ், இரண்டு 8 என்றால் பிரி. இரண்டு 10, இரண்டு 5 என்றால் பிரிக்காதே. ஒரு விலக்கு. டீலர் தன் இரண்டாம் சீட்டைக் கடைசியில் எடுக்கும் மேசைகள் உண்டு. அங்கே அவரிடம் 10 அல்லது ஏஸ் தெரியும்போது 8களைப் பிரிக்காதே. அவருக்கு பிளாக்ஜாக் (முதல் இரண்டு சீட்டிலேயே ஏஸும் பத்தும்) விழுந்தால் இரண்டு பந்தயமும் சேர்ந்து போகும்.

6. அவரிடம் ஏஸ் தெரிந்ததும் “இன்சூரன்ஸ்?” என்று கேட்பார். பெயரைக் கேட்டு ஏமாறாதே. 13 முறை 10 வெள்ளி வைத்தால், ஏறத்தாழ 4 முறை ஜெயித்து 80 வெள்ளி வரும், 9 முறை தோற்று 90 வெள்ளி போகும். உன் கையில் பிளாக்ஜாக் இருந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடு.

7. கடைசி நாற்காலியில் உட்கார்ந்தால் ஓர் அங்கிள் உன்னைத் திட்டுவார், “டீலரின் பர்ஸ்ட் சீட்டை நீ எடுத்துவிட்டாய்” என்று. நீ எடுத்த சீட்டு அவரைக் கெடுக்கிற அளவுக்கே அவரைக் காப்பாற்றவும் செய்யும். அவருக்குக் கெடுத்தது மட்டும்தான் நினைவிருக்கும். சிரித்துவிட்டு வாய்ப்பாட்டின்படியே ஆடு. சீட்டு வேண்டுமென்றால் விரலால் மேசையைத் தட்டு, வேண்டாமென்றால் கையை விசிறு. போட்ட சிப்பை மறுபடி தொடாதே.

8. இப்போது பணக் கணக்கு. பிளாக்ஜாக்குக்கு 2க்கு 3 என்று கொடுக்கும் மேசையில் மட்டும் உட்கார். 5க்கு 6 கொடுக்கும் மேசையில் 10 வெள்ளிக்கு 15 வர வேண்டிய இடத்தில் 12தான் வரும். 2க்கு 3 மேசையில் பிசகாமல் ஆடினால், போடும் நூறு வெள்ளிக்குச் சராசரி அரை வெள்ளியளவு கூடத்துக்குப் போகும். மணிக்கு 60 ஆட்டம், ஆட்டத்துக்கு 25 வெள்ளி என்று வை: ஏழரை வெள்ளி நஷ்டம். அது சராசரிதான். ஒரு மணி நேரத்தில் 200 வெள்ளி ஏறுவதும் இறங்குவதும் சர்வசாதாரணம், அதைத் தாங்கும் காசு இல்லையென்றால் உட்காராதே.

ஆனால் நீ சிங்கப்பூர்க் குடிமகன். 2019இலிருந்து வாசலிலேயே 150 வெள்ளி நுழைவு வரி. வெளிநாட்டுப் பயணிக்கு இது இல்லை. இருபது மணி நேரம் தவறில்லாமல் ஆடினால் மேசையில் சராசரியாக எவ்வளவு தோற்பாயோ, அவ்வளவை உட்காருமுன்பே கொடுத்துவிட்டாய். இன்னொன்று, அந்த வரி 24 மணி நேரத்துக்குச் செல்லும். கொடுத்த காசுக்கு முழு நேரமும் இருந்தே தீருவேன் என்று விடியவிடிய ஆடி, தூக்கக் கலக்கத்தில் வாய்ப்பாட்டை மறந்தவர்களில் நானும் ஒருவன். நீ ஏழு மணிக்கு உள்ளே போனால், பேஃபிரண்டில் நள்ளிரவை ஒட்டிப் போகும் கடைசி ரயிலைப் பிடி. மிச்சப் பத்தொன்பது மணி நேரத்தைக் கூடமே வைத்துக்கொள்ளட்டும்.