இறுதிப் பயணத்தில் துணை நிற்போர்

ஓர் இல்லத்தில் குழந்தை பிறக்கப்போகிறது என்றால் எத்தனை ஏற்பாடுகள்! வளைகாப்பு நடக்கிறது, தொட்டில் இறக்கப்படுகிறது, அனுபவம் மிக்க பெண்கள் அருகில் வந்து தங்குகிறார்கள். அதே இல்லத்தில் ஒருவர் உலகிலிருந்து விடைபெறும் காலம் நெருங்கும்போது நிலைமை வேறாகிவிடுகிறது. உறவினர் தாழ்ந்த குரலில் பேசுகிறார்கள். நோயாளி உள்ளே வந்தவுடன் பேச்சு மாறுகிறது. என்ன செய்வது, எப்படி அருகில் அமர்வது என்பது எவருக்கும் தெரிவதில்லை.

பரீட்சித்து மகாராஜனுக்கு ஏழு நாட்களே எஞ்சியிருந்தன என்று ஸ்ரீமத் பாகவதம் கூறுகிறது. மரணத்தின் வாயிலில் நிற்பவன் செய்யத் தக்கது எது என்பதே அவன் சுகப் பிரம்மத்திடம் எழுப்பிய வினா. சுகர் சாபத்தை நீக்க முயலவில்லை. அரசனுக்குப் பொய்யான நம்பிக்கை ஊட்டவும் இல்லை. அவர் கங்கைக் கரையில் அவனுடன் அமர்ந்தார். அவன் கேட்டவற்றுக்கெல்லாம் விடை கூறினார். அவனது அச்சம் அகன்றது. அரசனுக்கு ஒரு சுகர் கிடைத்தார். எளிய மனிதனுக்கு யார் கிடைப்பார்? இறுதிக் காலத் துணைவர்களுக்கான இன்றைய பயிற்சி முறைகள் இந்தக் கேள்விக்கு விடை காணும் முயற்சிகளே.

புதிய பெயர், பழைய தொண்டு

மேலை நாடுகளில் இத்தொண்டு செய்பவரை 'டூலா' என்று அழைக்கின்றனர். பணிப்பெண் என்று பொருள்படும் பழைய கிரேக்கச் சொல் அது. முதலில் பிரசவ காலத்தில் தாய்க்குத் துணை நிற்கும் பெண்ணைக் குறிக்க அச்சொல் வழங்கியது. 2003-ஆம் ஆண்டில் நியூயார்க்கில் ஹென்றி ஃபெர்ஸ்கோ-வைஸ் என்ற சமூகப் பணியாளர், பிறப்பில் துணை நிற்பது போலவே இறப்பிலும் துணை நிற்கத் தொண்டர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கினார். அதன்பின் பல நாடுகளில் இத்தகைய பயிற்சிகள் பரவியுள்ளன.

இத்துணைவர் மருத்துவர் அல்லர், செவிலியரும் அல்லர். மருந்து கொடுப்பதும் மருந்தின் அளவை மாற்றுவதும் அவரது வேலையல்ல. நோயாளியின் அருகில் இருப்பது, அவர் சொல்வதைக் கேட்பது, அவரது விருப்பங்களைக் குடும்பத்தார் அறியச் செய்வது, இறுதி மணி நேரங்களில் இல்லத்தாருக்கு உறுதுணையாக நிற்பது, பிறகு துயரத்தில் இருப்போரை மறவாதிருப்பது ஆகியவையே அவருடைய கடமைகள்.

காசித் தெருவில் கற்பிக்கப்பட்ட பாடம்

1900-ஆம் ஆண்டு ஜூன் மாதம். காசியில் ஜாமினி ரஞ்சன் மஜும்தார் என்ற இளைஞர், தெருவோரத்தில் ஒரு மூதாட்டி உயிர் போகும் நிலையில் கிடப்பதைக் கண்டார். கையில் காசில்லை. வழியில் சென்றவரிடம் நாலணா இரந்து பெற்று, அதில் பால் வாங்கி மூதாட்டிக்குப் புகட்டினார். சுவாமி விவேகானந்தரின் கருத்துகளால் உந்தப்பட்ட சாருசந்திர தாஸ், கேதார்நாத் மௌலிக் முதலிய நண்பர்களும் அவருடன் இணைந்தனர். கைவிடப்பட்டோரைத் தேடிச் சென்று பராமரிக்கும் சிறிய அமைப்பு ஒன்று இவ்வாறு உருவாயிற்று. 'ஏழைகள் நிவாரணச் சங்கம்' என்று அதற்குப் பெயர் வைத்தனர்.

1902-இல் சுவாமிஜி காசிக்கு வந்தபோது இளைஞர்களின் பணியைக் கண்டு மகிழ்ந்தார். ஆனால் பெயரை ஏற்கவில்லை. பிறருக்கு நிவாரணம் அளிக்கும் தகுதி மனிதனுக்கு இல்லை, சேவை செய்யும் உரிமை மட்டுமே உண்டு என்று அவர்களுக்கு உணர்த்தினார். 'சேவாசிரமம்' என்ற பெயர் அவ்வாறு அமைந்தது. அந்த ஆண்டிலேயே அது ராமகிருஷ்ண மிஷனுடன் இணைந்தது.

பெயர் மாற்றத்தில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். மரணப் படுக்கையின் அருகில் அமர்ந்தவருக்கு அது விளங்கும். நிவாரணம் அளிக்க வந்தவன், தன்னால் நோயைத் தீர்க்க இயலாது என்று கண்டவுடன் சோர்ந்து விலகுகிறான். சேவை செய்ய வந்தவனுக்கு விலகக் காரணமே இல்லை. தீர்க்க முடியாத நிலையிலும் நாவை நனைக்கலாம், கையைப் பற்றிக்கொள்ளலாம், முகத்தைத் துடைக்கலாம். 'இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை' என்ற சொல் சேவை செய்பவனின் அகராதியில் இல்லை.

காசிப்பூரில் நடந்த பயிற்சி

ராமகிருஷ்ண சங்கமே ஒரு நோயாளியின் படுக்கையைச் சுற்றி உருவானது என்பது எண்ணிப் பார்க்கத் தக்கது. தொண்டைப் புற்றுநோயால் வருந்திய பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் 1885 டிசம்பரில் காசிப்பூர்த் தோட்ட இல்லத்துக்கு அழைத்து வரப்பட்டார். 1886 ஆகஸ்டு 16 அன்று மகாசமாதி அடையும் வரை அங்கேயே தங்கினார். நரேந்திரர் முதலான இளம் சீடர்கள் முறை வைத்து இரவும் பகலும் பணிவிடை செய்தனர். அன்னை ஸ்ரீசாரதா தேவியார் குருதேவர் விழுங்கத் தக்க உணவைப் பக்குவமாகச் சமைத்தளித்தார்.

நோய் தொற்றிக்கொள்ளுமோ என்ற அச்சம் சிலரிடையே எழுந்தது. நரேந்திரர் வாதம் செய்யவில்லை. குருதேவர் அருந்தி மீதம் வைத்த கஞ்சிக் கிண்ணத்தை எடுத்து அருந்திவிட்டார் என்று அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. அத்துடன் அச்சம் நீங்கிற்று. நோயாளியை அருவருப்போடு நோக்கும் ஒரு பார்வை, நோயைவிட அதிகமாக அவரைக் காயப்படுத்தும் என்பதை அந்தச் செயல் கற்பித்தது. நோயின் தன்மைக்கேற்ற தூய்மையையும் பாதுகாப்பையும் இன்றைய தொண்டர் கடைப்பிடிக்கத்தான் வேண்டும். அருவருப்பைத்தான் விட வேண்டும்.

இரவு பகல் பாராது பணிவிடையில் முன்னின்ற சசி, பின்னாளில் சுவாமி ராமகிருஷ்ணானந்தராக 1897-இல் சென்னைக்கு வந்து மடத்தை நிறுவினார். குருவின் மரணப் படுக்கையில் பயின்ற சேவையே தென்னாட்டில் அவரது பூஜையாகவும் உபதேசமாகவும் மலர்ந்தது.

நால்வகை வேதனை

இங்கிலாந்தில் செவிலியராகத் தொடங்கிப் பின்னர் மருத்துவரும் ஆனவர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார். 1948-இல் டேவிட் டாஸ்மா என்ற போலந்து அகதி புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தார். அந்நிய நாட்டில் தனித்துக் கிடந்த அவருடன் அம்மையார் பலமுறை பேசினார். மரணத் தறுவாயில் இருப்போருக்கென ஓர் இல்லம் அமைய வேண்டும் என்ற எண்ணம் அப்பேச்சுகளில் உருவாயிற்று. டாஸ்மா தம்மிடமிருந்த 500 பவுண்டை, அந்த இல்லத்தில் ஒரு ஜன்னலாகத் தாம் இருக்கவேண்டும் என்ற விருப்பத்தோடு விட்டுச் சென்றார். ஜன்னலைச் சுற்றி இல்லம் எழப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின. 1967-இல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸ் திறக்கப்பட்டது.

அம்மையார் வகுத்த கருத்து 'முழுமையான வேதனை' என்பது. உடலின் வலி ஒன்று. மனத்தின் அச்சமும் சோர்வும் மற்றொன்று. குடும்பம், பொருள் பற்றிய கவலை மூன்றாவது. வாழ்வின் பொருள் என்ன, இனி என்ன என்ற ஆன்மிகத் தவிப்பு நான்காவது. இவை ஒன்றோடொன்று பின்னியவை. மகளின் திருமணம் முடியவில்லையே என்ற கவலை இரவில் முதுகு வலியாக வளரும். தாங்க முடியாத வலி, இறைவன் தன்னைக் கைவிட்டான் என்ற எண்ணமாக மாறும்.

ஆகவே முதலில் தணிக்கப்பட வேண்டியது உடலின் வலி. வெறும் வயிற்றுக்கு ஆன்மிகம் இல்லை என்பது ஸ்ரீராமகிருஷ்ணரின் கருத்து. வலியால் துடிப்பவரிடம் நாமஜபம் செய்யுமாறு கூறுவதும் அத்தகையதே. மருத்துவர் மேற்பார்வையில் முறையாக அளிக்கப்படும் மார்ஃபின், பெரும்பாலான கடும் புற்றுநோய் வலியைத் தணிக்க வல்லது. வலியை மறைக்காமல் மருத்துவரிடம் கூறுமாறு நோயாளிக்கு ஊக்கமளிப்பதும் துணைவரின் கடமையே.

கேரளம் காட்டிய வழி

கோழிக்கோட்டில் 1993-இல் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோரின் முயற்சியால் நோய்த்தணிப்புப் பராமரிப்புச் சங்கம் தோன்றியது. மருத்துவமனைக்கு வர இயலாதோர் எண்ணற்றோர் என்பதும், மருத்துவர்கள் மட்டும் இப்பணியைச் செய்து முடிக்க இயலாது என்பதும் விரைவில் தெளிவாயின. அண்டை வீட்டாரே தொண்டராகும் திட்டம் பிறந்தது. ஆசிரியர், விவசாயி, கடைக்காரர், மாணவர், இல்லத்தரசி எனப் பலரும் சேர்ந்தனர். வாரத்தில் சில மணி நேரம் ஒதுக்க விரும்பும் எவரும் பயிற்சி பெறலாம். பதினாறு மணி நேர வகுப்பும், அனுபவம் மிக்க குழுவினருடன் நான்கு நாட்கள் வீடு வீடாகச் செல்லும் நேர்ப் பயிற்சியும் அதன் அடிப்படை வடிவம். 2008-இல் கேரள அரசு நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கென ஒரு கொள்கையை அறிவித்தது.

பயிற்சியில் கற்பவை

முதலாவது, கேட்டல். இதுவே மிகக் கடினமானது. நோயாளி தம் துயரத்தைக் கூறத் தொடங்கியவுடன் ஆறுதல் கூற நாக்கு துடிக்கிறது. 'எல்லாம் சரியாகிவிடும்' என்ற சொல் பெரும்பாலும் கேட்பவரின் சங்கடத்தைப் போக்கவே பயன்படுகிறது. சொல்ல வந்தவர் வாய் மூடிக்கொள்கிறார். மௌனத்தைத் தாங்கப் பழகுவது இப்பயிற்சியின் பெரும்பகுதி.

இரண்டாவது, உடல் பராமரிப்பு. அசைய முடியாதவரைக் குறித்த நேர இடைவெளியில் புரட்டிப் படுக்கவைப்பது, படுக்கைப் புண் வராமல் காப்பது, உலர்ந்த வாயை ஈரத் துணியால் துடைப்பது ஆகியவற்றைக் குடும்பத்தாருக்குக் கற்றுக்கொடுக்கலாம்.

மூன்றாவது, இறுதிக் கால அறிகுறிகள். பசி குறையும், உறக்கம் மிகும், கைகால்கள் குளிரும், மூச்சு சற்று நின்று மீண்டும் தொடரும். இவை உடல் தன் பணியை முடித்துக்கொள்ளும் விதங்கள் என்பதை முன்கூட்டி அறிந்த குடும்பம் பதறுவதில்லை. 'அம்மா சாப்பிடவில்லையே' என்று வற்புறுத்தி ஊட்டினால் புரையேறக் கூடும். நினைவிழந்தவருக்கும் செவிப்புலன் எஞ்சியிருக்கலாம். எனவே அவர் அருகில் அன்பான சொற்களே பேசப்பட வேண்டும்.

நான்காவது, விருப்பங்களை அறிதல். மீள வழியில்லாத நிலையில் தமக்கு எத்தகைய சிகிச்சை வேண்டாம் என்பதை முன்கூட்டி எழுதி வைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று ஏற்றது. 2023-இல் அதன் நடைமுறையை எளிதாக்கியது. இத்தகைய வழி உண்டு என்பதைத் துணைவர் எடுத்துரைக்கலாம், முடிவு நோயாளியுடையது.

இரு பக்கமும் ஒரே ரகசியம்

பயிற்சி வகுப்புக்கு ஏற்ற ஒரு சூழ்நிலையைக் கருதுவோம். தொண்டர் ஒரு வீட்டுக்குச் செல்கிறார். வாசலிலேயே மகன் தடுத்து நிறுத்தி, "அப்பாவுக்கு எதுவும் தெரியாது. தெரிந்தால் தாங்கமாட்டார். தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்" என்கிறார். உள்ளே படுத்திருக்கும் முதியவர், மகன் அகன்றதும் மெல்லக் கூறுகிறார்: "தம்பி, நான் போகப்போவது எனக்குத் தெரியும். பையனுக்குத் தெரியாது. அவன் தாங்கமாட்டான். சொல்லிவிடாதீர்கள்."

இருவரும் அன்பினால்தான் மறைக்கிறார்கள். அந்த அன்பே இருவரையும் பிரித்து வைத்திருக்கிறது. முதியவருக்கு ஓர் ஆசை உண்டு. பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம் சகோதரனை ஒருமுறை பார்க்க வேண்டும். அதைச் சொன்னால் ரகசியம் உடைந்துவிடும். சொல்லாவிட்டால் காலம் கடந்துவிடும்.

தொண்டர் என்ன செய்வார்? மகனின் வேண்டுகோளை மீறி எதையும் அறிவிக்கமாட்டார். முதியவரிடம் பொய்யும் கூறமாட்டார். "ஐயா, இந்தப் பாரத்தைத் தனியே சுமக்கிறீர்களே. உங்கள் மகனிடம் பேச நான் துணையாக இருக்கட்டுமா?" என்று கேட்பார். அனுமதி கிடைத்தால், மகனை அழைத்து வந்து தந்தையின் அருகில் அமர்த்துவார். அதன்பின் பேசவேண்டியவர்கள் அவர்களே. தொண்டர் சற்றே விலகி நிற்பார். உண்மையும் அகிம்சையும் கைகோத்துச் செல்ல இயலும் என்பதற்கு இதுவே சான்று.

உபதேசம் என்னும் தடை

ஆன்மிக நாட்டம் உள்ள தொண்டருக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. தாம் படித்த வேதாந்தத்தை நோயாளியிடம் இறக்கிவைக்கும் ஆவல் எழும். ஆன்மா அழியாதது என்பது உண்மையே. ஆனால் சிறு குழந்தைகளை விட்டுச் செல்லும் தாயிடம் அதை எடுத்துரைத்தால், அவள் கண்ணீருக்குத் தடை போடுவதாகவே முடியும். அவளுக்கு வேண்டியது அழுவதற்கு ஓர் இடம். நோயாளி தாமாகக் கேட்டால் கூறலாம். அவரது மரபில், அவரது இஷ்ட தெய்வத்தின் பெயரால் கூறலாம். நம்பிக்கையற்றவரிடம் எதையும் திணிக்காமல் பணிவிடை செய்வதும் இறைவழிபாடே.

தொண்டரின் சாதனை

இறுதிக் கணத்தில் மனம் எதை நினைக்கிறதோ அது வாழ்நாள் பழக்கத்தின் விளைவு என்று கீதையின் எட்டாம் அத்தியாயம் உணர்த்துகிறது. அந்தப் பழக்கம் துணை நிற்பவருக்கும் தேவை. தன் மரணத்தை ஒருபோதும் எண்ணிப் பாராதவன் பிறர் மரணத்தின் அருகில் நிலைத்து அமர முடியாது. எனவே பயிற்சி பெறுவோர் தம் இறுதி நாட்கள் எவ்வாறு அமைய வேண்டும், யாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று எழுதிப் பார்ப்பது நல்லது.

களைப்பும் துயரமும் தொண்டருக்கும் உண்டு. அவற்றை மறைப்பது வைராக்கியம் அல்ல. குழுவாகக் கூடிப் பேசுவதும், போதிய ஓய்வும், நாள்தோறும் தியானமும் பிரார்த்தனையும் அவரைக் காக்கும். பலனை இறைவனிடம் விட்டவன் சோர்வதில்லை. நோயாளி அமைதியாக விடைபெற்றாலும், போராடியே சென்றாலும், அது தொண்டரின் வெற்றியோ தோல்வியோ அல்ல.

எல்லோரும் சான்றிதழ் பெற்ற துணைவர் ஆக வேண்டியதில்லை. ஒவ்வொரு தெருவிலும் ஒரு படுக்கை இருக்கிறது. அதன் அருகில் ஒரு வெற்று நாற்காலியும் இருக்கிறது. நாலணா இரந்து பால் வாங்கிய இளைஞருக்கு எந்தப் பயிற்சியும் இருக்கவில்லை. அவர் கடந்து செல்லாமல் நின்றார். பயிற்சி பிறகு வரலாம். முதலில் நிற்க வேண்டும்.

சிந்தனைக்கு

1. நிவாரணம், சேவை என்னும் இரண்டு மனநிலைகளுக்கும் உள்ள வேறுபாடு நம் அன்றாட வாழ்வில் எங்கு வெளிப்படுகிறது?

2. நோயுற்ற ஒருவரைக் கடைசியாகச் சென்று பார்த்தபோது அதிகம் பேசியவர் யார்?

3. நம் இல்லத்து முதியோரின் இறுதி விருப்பம் என்ன என்பதை அவர்களிடமே கேட்டிருக்கிறோமா?