பொருந்தாததை ஒதுக்கிவிடாதே

அன்புள்ள மகளே,

நரம்பியல் மேற்படிப்பு முடிந்த கையோடு மூளை ஸ்கேன் ஆராய்ச்சியில் இறங்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக இறங்கு. அதற்கு முன் மார்கஸ் ரைக்கிள் கடந்துவந்த பாதையைத் தெரிந்துகொள்.

அவரும் உன்னைப் போல நரம்பியல் மருத்துவர்தான். 1971-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பெட் ஸ்கேன் அங்கே உருவெடுத்துக்கொண்டிருந்த காலம் அது. கதிரியக்க ஆக்சிஜன் கொண்ட தண்ணீரைக் கையில் ஊசியாக ஏற்றி, மூளையில் ரத்த ஓட்டம் எங்கே கூடுகிறது என்று பார்ப்பார்கள். அந்தக் கதிரியக்கம் இரண்டே நிமிடத்தில் பாதியாகக் குறைந்துவிடும். அந்த ஆக்சிஜனை உருவாக்கும் சைக்ளோட்ரானை இயக்குபவர், மருந்தைத் தயாரிப்பவர், ஊசி போடுபவர் ஆகியோரில் ஒருவர் சுணங்கினாலும் அத்தனையும் வீண். தலைமை ஏற்பவர் இவர்கள் எல்லோருடைய வேலையையும் மதிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

1986-இல் சக ஆய்வாளர் பீட்டர் ஃபாக்ஸும் ரைக்கிளும் விரல்களில் அதிர்வு கொடுத்து அளந்தார்கள். விரல்களின் தொடு உணர்வைக் கவனிக்கும் மூளைப் பகுதியில் ரத்த ஓட்டம் 29 சதவீதம் கூடியது. ஆக்சிஜன் செலவு 5 சதவீதம்தான் கூடியது. இரண்டும் சேர்ந்தே கூடும் என்பது அன்றைய பாடம். கணக்குத் தப்பு என்று ஒதுக்காமல் அதையே வெளியிட்டார்கள். செலவாகாமல் ரத்தத்தில் மிஞ்சும் அந்த ஆக்சிஜன்தான் இன்று எஃப்எம்ஆர்ஐ படம் தரும் சமிக்ஞைக்கு அடிப்படை.

இன்னொன்றும் நடந்தது. ஏதாவது வேலை கொடுத்தால் மூளையின் சில பகுதிகளில் செயல்பாடு குறைந்தது. வேலை கொடுத்தால் கூடத்தானே வேண்டும்? ரைக்கிள் அவற்றுள் ஒன்றுக்கு 'மர்மப் பகுதி' என்று பெயரிட்டு, அத்தகைய முடிவுகளை ஒரு கோப்பில் சேர்த்துவைத்தார். மனிதன் சும்மா இருக்கும்போதும் மூளை ஓயாமல் இயங்குகிறது என்பதை விளக்கும் 2001-ஆம் ஆண்டுக் கட்டுரை அதிலிருந்து பிறந்தது. 2014-இல் நரம்பு அறிவியலுக்கான காவ்லி பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

நாளை உனக்கென்று ஓர் ஆய்வகம் அமையும். எதிர்பார்ப்புக்கு மாறான முடிவை இளையவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கொண்டுவருவார். 'மறுபடி செய்து பார்' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதே; பக்கத்தில் உட்கார்ந்து நீயும் பார். எத்தனை பதவி வந்தாலும் நோயாளிகளைப் பார்ப்பதை விடாதே. நல்ல கேள்விகள் அங்கிருந்துதான் வரும். தைரியமாகப் போய் வா.

அன்புடன்,
உன் பெரியப்பா