கினிப்பன்றி வளர்க்கும் நண்பர்களுக்கு

நம் சங்கத்து நண்பர்களில் நால்வர் இவ்வாண்டு கினிப்பன்றி வாங்கியிருக்கின்றனர். இன்னும் இருவர் வாங்கும் எண்ணத்தில் உள்ளனர். என் அறைக்கு வந்து தனித்தனியே கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே இடத்தில் விடை கூறிவிடலாம் என்று இக்கட்டுரையை எழுத முற்பட்டேன். இதைப் பற்றிக் கூற நான் தகுதியுடையவன்தானா என்பதை, பாதிக்குமேல் படித்த பிறகு வாசகரே முடிவு செய்துகொள்ளலாம்.

முதலில் பெயர். இப்பிராணி கினி நாட்டிலிருந்து வந்ததன்று, பன்றியும் அன்று. தமிழ் அகராதி இதனைச் 'சீமைப் பெருச்சாளி' என்கிறது. சீமைக்கும் இதற்கும் பிறப்பால் தொடர்பில்லை. பெருச்சாளிக்கு இது தூரத்து உறவே. நான் இரண்டு வாங்கியிருப்பதாகத் தொலைபேசியில் சொன்னபோது, "பிள்ளையாருக்கு வாகனமாடா வாங்கியிருக்கிறாய்?" என்று என் தாயார் கேட்டதற்கு இந்த அகராதிச் சொல்லே காரணம். உண்மையில் இதன் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாடு. அங்குள்ள மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதனை இறைச்சிக்காக வீட்டில் வளர்த்துப் பழக்கினர். பெருவிலும் ஈக்குவடாரிலும் இன்றும் உண்கின்றனர். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பியர் தம் நாடுகளுக்குக் கொண்டு சென்றனர். செல்லப் பிராணியாக ஆனது அதற்குப் பின்னர்தான். மலைநாட்டுக் குளிரில் தோன்றிய உயிர் என்பதை மட்டும் இப்போதைக்கு மனத்தில் வைத்துக்கொள்க. டில்லிக் கோடையைப் பற்றிப் பேசும்போது அது வேண்டியிருக்கும்.

விஞ்ஞான மாணவனாகிய எனக்கு இதன் மேல் ஆசை உண்டானது ஆய்வுக்கூடத்தின் வழியாகவே. 1783-ஆம் ஆண்டில் லவாய்சியரும் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்தில் வைத்து, அதன் உடற்சூட்டில் எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்து, உயிர்ப்பு என்பது ஒருவகை மெதுவான எரிதலே என்று கண்டனர். ராபர்ட் காக் 1882-இல் காசநோய்க் கிருமியை நிலைநாட்டியதும் இப்பிராணியின் உதவியால்தான். நம் சென்னையில் 1956-இல் தொடங்கப்பெற்ற காசநோய் ஆராய்ச்சி நிலையத்துக்கும் இதற்கும் தொடர்புண்டு. தென்னிந்திய நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமிகள் பல, பிரிட்டனில் எடுத்தவற்றைவிடக் கினிப்பன்றிகளிடம் வீரியம் குறைந்திருக்கின்றன என்ற வியப்பான முடிவு 1960-இல் வெளியாயிற்று. இத்தனை உழைத்த பிராணியை ஒரு கூண்டிலடைத்து முட்டைக்கோசு மட்டும் போட்டு வளர்ப்பது நன்றியன்று.

இனி உணவு. இதில்தான் பெரும்பாலோர் தவறுகின்றனர்.

1907-இல் நார்வே நாட்டில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் புரோலிக் என்ற இருவர், கப்பல் மாலுமிகளைப் பீடித்த ஒரு நோயை ஆராயக் கினிப்பன்றிகளுக்குத் தானியமும் ரொட்டியும் மட்டுமே கொடுத்து வந்தனர். அவர்கள் எதிர்பார்த்தது பெரிபெரியை ஒத்த நோய், கண்டதோ ஸ்கர்வி. ஈறு கெட்டு, மூட்டு வீங்கி, எலும்பு நொய்ந்து அவை இறந்தன. பச்சைக் காய்கறி கொடுத்தவுடன் தேறின. அவர்கள் எலிகளைக் கொண்டு ஆராய்ந்திருந்தால் ஒன்றும் நேர்ந்திராது. எலி தனக்கு வேண்டிய சி வைட்டமினைத் தன் கல்லீரலிலேயே செய்துகொள்கிறது. நாமும் கினிப்பன்றியும் அவ்வாறு செய்ய இயலாதவர்கள். அதற்கு வேண்டிய கடைசி நொதியின் மரபணு இரு சாராரிடமும் பழுதுபட்டுக் கிடக்கிறது. பின்னர் 1932-இல் சென்ட்-ஜியார்ஜி தாம் பிரித்தெடுத்த அமிலமே சி வைட்டமின் என்று மெய்ப்பித்ததும் கினிப்பன்றிகளைக் கொண்டே. அதனை ஏராளமாகப் பெற அவருக்குக் கைகொடுத்தது ஹங்கேரி நாட்டுப் பாப்ரிகா மிளகாய். 1937-இல் நோபல் பரிசு பெற்றார். அம்மிளகாயும் நம் காய்கறிக் கடைக் குடைமிளகாயும் ஒரே இனம்.

ஆகவே கணக்கு எளிது. வளர்ந்த கினிப்பன்றி ஏறக்குறைய ஒரு கிலோ எடையிருக்கும். நாளொன்றுக்கு அதற்குப் பத்து முதல் முப்பது மில்லிகிராம் சி வைட்டமின் தேவை. சினையாக இருந்தாலும் நோயுற்றாலும் மேல் அளவு. பச்சைக் குடைமிளகாய் நூறு கிராமில் சுமார் எண்பது மில்லிகிராம் உள்ளது. எனவே கால் குடைமிளகாய் ஒரு நாளைக்குப் போதும். கொய்யாவில் இருநூறு மில்லிகிராமுக்கும் மேல். கட்டை விரலளவு துண்டு ஒன்றே போதுமானது. ஆனால் கொய்யாவில் சர்க்கரை இருப்பதால் நாள்தோறும் வேண்டா, வாரத்தில் இரண்டு மூன்று முறை கொடுக்கலாம். தண்ணீரில் சொட்டுமருந்து கலப்பவர்கள் அதை விட்டுவிடுக. வைட்டமின் தண்ணீரில் விரைவில் கெடுகிறது. சுவை மாறியதால் பிராணி தண்ணீர் குடிப்பதையும் குறைத்துக்கொள்ளும். கடைகளில் விற்கும் முயல் தீனியில் சி வைட்டமின் சேர்ப்பதில்லை. முயலும் எலியைப் போலத் தானே செய்துகொள்வது. அது மலிவு என்று வாங்கிய நண்பர் ஒருவரின் பிராணி, மூன்றாம் வாரம் பின்கால் இழுத்து நடந்ததை நான் கண்டேன். குடைமிளகாயும் மருத்துவர் தந்த சொட்டும் அதனைக் காப்பாற்றின.

காய்கறி துணையுணவுதான், வயிறு நிறைவது புல்லால். இதன் இருபது பற்களும் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நாரான புல்லை நாள் முழுதும் அரைத்தால்தான் அவை தேயும். ஆகையால் உலர்புல் எப்போதும் கூண்டில் குறையாமல் இருக்கவேண்டும். வைக்கோல் வேறு, உலர்புல் வேறு; வைக்கோலில் சத்தில்லை. பச்சைப் புல்லில் நம் அருகம்புல்லே இதற்கு அமிர்தம். (வாகனமில்லாவிட்டாலும் பிள்ளையாருடன் உறவு விடவில்லை.) பூச்சிமருந்து தெளிக்காத இடமாகப் பார்த்துப் பறித்துக் கழுவிக் கொடுக்கவேண்டும். குதிரைமசால், குளிர்காலத்தில் இங்கு விற்கும் பர்சீம் ஆகியவற்றில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. வளர்ந்த பிராணிக்கு நாள்தோறும் கொடுத்தால் மூத்திரப்பையில் கல் உண்டாகலாம். பாலக்கீரையும் அளவோடுதான். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சோறு, பால், பிஸ்கட் இவை அறவே கூடா. நம் விடுதி நண்பர்கள் அன்பு மிகுந்து பிஸ்கட் கொடுப்பதைத் தடுப்பதே என் பெரும்பாடு.

இருப்பிடத்தைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டுவதில்லை. இரண்டு பிராணிகளுக்கு நான்கடி நீளமும் இரண்டடி அகலமும் குறைந்த அளவு. கம்பித் தரை பாதத்தைப் புண்ணாக்கும். கெட்டியான தரையில் செய்தித்தாள் விரித்து, மேலே புல் பரப்பி, ஈரமானதை நாள்தோறும் அகற்றவேண்டும். ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி ஆளுக்கொன்று. ஒற்றையாக வளர்ப்பது கொடுமை. இது கூட்டமாக வாழும் பிராணி. சுவிட்சர்லாந்தில் 2008 முதல் ஒற்றையாக வைத்திருப்பது சட்டப்படியே குற்றம். துணைக்கு முயலை விடுவதும் தவறு. முயல் நோயின்றிச் சுமக்கும் ஒரு கிருமி இதற்கு நுரையீரல் நோயை உண்டாக்கும்.

டில்லியில் வளர்ப்பவர்க்குக் கோடையே பெரிய சோதனை. இதற்கு உகந்த வெப்பம் பதினெட்டு முதல் இருபத்துநான்கு டிகிரி. முப்பதை நெருங்கினாலே துன்புறும். நாம் வாடகைக்குப் பிடிக்கும் மொட்டைமாடி அறையோ மே மாதத்தில் நாற்பதைத் தொடுகிறது. வறண்ட மே, ஜூனில் கூலர் உதவும். ஜூலையில் மழை தொடங்கிக் காற்று ஈரமானபின் கூலரால் பயனில்லை. அந்நாட்களில் தண்ணீர்ப் புட்டியை உறையவைத்துத் துணி சுற்றிக் கூண்டின் ஒரு மூலையில் வைப்பேன். பக்கத்தில் ஒரு கடப்பைக்கல் பலகையும் கிடக்கும். அதன் மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்துக்கொள்ளும். பிராணி நீட்டிப் படுத்து விரைவாக மூச்சு வாங்கினாலோ, வாயோரம் எச்சில் ஒழுகினாலோ, ஈரத்துணியால் காதையும் பாதத்தையும் துடைத்து, உடனே மருத்துவரிடம் செல்க. பனிநீரில் முக்குவது ஆபத்து.

இனி, நான் எழுதத் தயங்கிய பகுதிக்கு வருகிறேன்.

முன்னாண்டு அக்டோபரில் நானும் என் அறைத் தோழரும் இரண்டு பிராணிகளை வாங்கினோம். இரண்டும் பெண் என்றார் கடைக்காரர். கறுப்பி, செம்பி என்று பெயரிட்டோம். மூன்றாம் வாரம் கறுப்பி தும்மியது. மூக்கோரம் பொருக்குத் தட்டியது. எனக்குப் பல்வலிக்காக மருத்துவர் தந்த அமாக்சிசிலின் மாத்திரைகளில் சில மிச்சமிருந்தன. எடைக்கு எடை கணக்கிட்டு, பொடித்து, நீரில் கரைத்து, மூன்று வேளை நானே புகட்டினேன். கணக்கு மில்லிகிராம் பிசகாமல் சரியாகவே இருந்தது. இரண்டாம் நாள் புல்லைத் தொடவில்லை. மூன்றாம் நாள் கழிச்சல். ஐந்தாம் நாள் காலை என் கையிலேயே இறந்துவிட்டது.

நான் படிப்பது நுண்ணுயிரியல்.

கினிப்பன்றியின் பெருங்குடல்வாய்ப் பை அதன் வயிற்றில் பாதியை அடைத்துக்கொண்டிருப்பது. அங்கு வாழும் நல்ல நுண்ணுயிர்களே புல்லைச் செரிக்கச் செய்கின்றன. பெனிசிலின் வகை மருந்துகள் அவற்றை அழித்துவிட, எஞ்சி நிற்கும் கிளாஸ்டிரிடியம் இனக் கிருமிகள் பெருகி நஞ்சு கக்குகின்றன. பெனிசிலின் புழக்கத்துக்கு வந்த 1940-களிலேயே அறியப்பட்ட செய்தி இது. 1940 மே 25-ஆம் நாள் ஆக்ஸ்போர்டில் புளோரி எட்டுச் சுண்டெலிகளுக்குக் கிருமி ஏற்றி, நான்குக்குப் பெனிசிலின் கொடுத்தார். மருந்து பெறாத நான்கும் விடியுமுன் இறந்தன, பெற்றவை பிழைத்திருந்தன. இந்தச் சோதனையைத் தேர்வுக்காக இரண்டு முறை எழுதியிருக்கிறேன். அன்று அவர் கைக்குச் சுண்டெலிக்குப் பதில் கினிப்பன்றி அகப்பட்டிருந்தால் அம்மருந்தை நஞ்சென்று ஒதுக்கியிருக்கக்கூடும் என்பதும் வகுப்பில் கேட்டதுதான். கேட்டது ஏட்டில் இருந்தது. மாத்திரை கையில் இருந்தது.

ஆதலின் அமாக்சிசிலின், ஆம்பிசிலின், பெனிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின், எரித்ரோமைசின் ஆகிய பெயர்களைக் கூண்டின் மேல் எழுதி ஒட்டுக. கால்நடை மருத்துவரிடம் சென்றாலும், "இது கினிப்பன்றி, பெனிசிலின் வகை ஆகாதல்லவா?" என்று பணிவாகக் கேட்டுவிடுக. நாயும் பூனையும் பார்த்துப் பழகியவர்களுக்கு நினைவூட்டுவதில் பிழையில்லை. தும்மல் சளியாக முற்றிக் கொல்லவும் கூடும் என்பதால் மருத்துவரிடம் போகாமல் இருப்பதும் தவறே. ஒரு நாள் முழுதும் உண்ணாத கினிப்பன்றி உயிராபத்தில் உள்ளது. மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்பது இதற்குப் பொருந்தாது.

நோயை முன்கூட்டி அறிய நான் இப்போது நம்புவது சமையலறைத் தராசு ஒன்றையே. ஞாயிறுதோறும் எடை பார்த்துச் சுவரில் எழுதுகிறேன். இப்பிராணி தன் நோயை மறைத்துக்கொள்ளும் இயல்புடையது. கண்ணுக்குத் தெரியுமுன் தராசுக்குத் தெரிந்துவிடும். பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தால் தாமதிக்காமல் மருத்துவரைக் காண்க.

கறுப்பி இறந்து இரண்டு மாதம் கழித்துச் செம்பி மூன்று குட்டிகளை ஈன்றது. கறுப்பி ஆண் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. குட்டிகள் மயிர் மூடி, கண் திறந்து, பல்லோடு பிறக்கின்றன. மறுநாளே புல் கடிக்கும். பார்க்க அழகுதான். ஆனால் ஏழு மாதம் கடந்தபின் முதன்முறை சினையாகும் பெண்ணுக்கு இடுப்பெலும்பு இறுகிவிடுவதால் பிள்ளைப்பேற்றிலேயே இறக்க நேரும். செம்பியின் வயது எங்களுக்குத் தெரியாது, அது பிழைத்தது தற்செயல். ஈன்ற சில மணியிலேயே தாய் மறுபடி சினைப்படும்; பெண்குட்டி ஒரு மாதத்திலேயே பருவமடையும். ஆகவே ஆண்குட்டிகளை மூன்றாம் வாரம் பிரித்துவிடவேண்டும். வாங்கும்போதே ஆணா பெண்ணா என்று மருத்துவரிடம் காட்டித் தெரிந்துகொள்க. கடைக்காரர் சொல்லை நம்பவேண்டா.

விடுமுறையைப் பற்றி ஒரு சொல். மே மாதத்தில் நாம் அனைவரும் ரயிலேறி ஊருக்குப் போகிறவர்கள். அந்த வெயிலில் ஒன்றரை நாள் பயணத்தை இப்பிராணி தாங்காது. ஐந்து முதல் எட்டு ஆண்டு வாழக்கூடியதை இரண்டாண்டுப் படிப்புக்காக வாங்குமுன் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். வாங்கிவிட்டவர்களுக்கு: ஆய்வு வேலையிருப்பதால் இக்கோடையில் நான் டில்லியில்தான் இருப்பேன். என் அறையில் இன்னும் மூன்று கூண்டுகளுக்கு இடமுண்டு, கூலரும் ஓடும். தேர்வு தொடங்குமுன் சொல்லிவிடுக. கூண்டு, பழகிய தீனி, எடை எழுதிய தாள் இம்மூன்றையும் உடன் கொண்டுவருக. ஆணா பெண்ணா என்பதை நானே பார்த்துக்கொள்கிறேன்.