உறைபனி இல்லா ஊரில் சூரியகாந்திப் பட்டம்

குளிர்நாட்டுச் சூரியகாந்தி விதைப் பொட்டலங்களில், “கடைசி உறைபனி நாள் கழிந்தபின் விதைக்க” என்னும் குறிப்பைக் காணலாம். பாலாநகரில் என்னுடன் தங்கியிருக்கும் நண்பர் அத்தகைய பொட்டலம் ஒன்றைக் காட்டி, “இவ்வூருக்கு அந்த நாள் எது?” என்று வினவினார். அவ்வினாவில் நல்லதொரு பாடம் அடங்கியுள்ளது.

மேகமற்ற இரவில் நிலத்தின் வெப்பம் வான்நோக்கி வெளியேறுகிறது. தரையின் வெப்பநிலை சுழிப் பாகைக்குக் கீழே இறங்குமாயின், இலையிலுள்ள நீர் பனிக்கட்டியாகி இளஞ்செடி கருகும். உதகையில் மார்கழி, தை மாதங்களில் இதனைக் காணலாம். ஐதராபாத்திலோ பதிவாகியுள்ள மிகக் குறைந்த வெப்பநிலை 6.1 பாகை; அது 1946 ஜனவரி 8ஆம் நாள். ஆகவே பாலாநகருக்கு உறைபனி நாள் என ஒன்றில்லை.

அங்ஙனமாயின் எந்நாளும் விதைக்கலாமோ? சூரியகாந்தி பகற்பொழுதின் நீளத்தைப் பெரிதும் பொருட்படுத்தாத பயிர், எப்பருவத்திலும் பூக்கும். ஆனால் பூப்பது வேறு, மணி பிடிப்பது வேறு. பூக்கும் வேளையில் வெப்பம் 38 பாகையைத் தாண்டினால் மகரந்தம் வலுவிழந்து பதர் மிகும், எண்ணெயும் குறையும். அடைமழை பெய்தாலோ மகரந்தம் கழுவப்படும், தேனீக்களும் வாரா.

எனவே பூக்கும் நாளை முதலில் குறித்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். விதைத்த சுமார் 60 நாளில் பூ விரியும். மேலும் 30 நாளில் மணி முற்றும் என்று கொள்வோம். ஜனவரி 15இல் விதைத்தால் மார்ச் நடுவில் பூத்து, கடுங்கோடைக்குமுன் மணி முற்றும். ஒரு மாதம் தாழ்த்தினால் ஏப்ரல் நடுவில் பூக்கும். மணி பிடிக்கும் காலம் மே மாத வெயிலில் அகப்படும். அக்டோபரில் விதைத்தது டிசம்பரின் வறண்ட குளிர்ச்சியில் பூக்கும். மழைக்காலத்தில், ஈரம் தங்கும் கரிசலில் ஆகஸ்ட் முற்பாதியில் விதைத்தால், மழை ஓயும் அக்டோபரில் பூக்கும். செம்மண்ணில் ஈரம் நில்லாது. ஆதலின் அங்கே முந்தி விதைப்பர்.

இதனையே நம் உழவர் ‘பட்டம்’ என்றனர். ஆடிப்பட்டம் மழையை நோக்கியது. குளிர்நாட்டு உறைபனி நாளும் ஒருவகைப் பட்டமே. கணக்கு ஒன்றுதான், பகை மட்டும் ஊருக்கு ஊர் வேறு.

இஃது ஏட்டளவில் நிற்கும் கணக்கன்று. 1969இல் சோவியத் நாட்டு விதைகள் வந்த பின்னரே சூரியகாந்தி இந்தியாவில் எண்ணெய்ப் பயிராகப் பரவியது. 1977இல் ஐதராபாத்தின் இராசேந்திரநகரில் எண்ணெய்வித்து ஆராய்ச்சி இயக்ககம் தோன்றியது. எனினும் நாம் உண்ணும் சூரியகாந்தி எண்ணெயின் பெரும்பகுதி இன்றும் கடல் கடந்தே வருகிறது. 2022இல் உக்ரைனில் போர் மூண்டபோது நம் அடுப்பங்கரையில் விலை ஏறியதை மறந்திருக்க மாட்டீர்கள். வெளிநாட்டு விதையை வாங்கலாம். நாட்காட்டியை வாங்க இயலாது. அதனை அந்தந்த ஊரின் வெயிலையும் மழையையும் பார்த்து நாமே எழுதிக்கொள்ள வேண்டும்.