வேலையில் மனம் ஒட்டவில்லை

கேள்வி: பத்து வருடத்துக்கு மேலாகப் பொதுத்துறை வங்கியில் இருக்கிறேன். பயிர்க்கடன் சீசனில் ராத்திரி எட்டு மணிவரை உட்கார்ந்தபோதுகூட இப்படி அலுத்ததில்லை. இப்போது ஆறு மணிக்கே கிளம்பிவிடுகிறேன், ஆனாலும் வேலையில் மனம் ஒட்டவில்லை. கவுன்ட்டரில் கூட்டம் நிற்கக் கூடாது என்கிறார் மேனேஜர். எஃப்.டி. புதுப்பிக்க வரும் பெரியவர்களை உட்காரவைத்து இன்சூரன்ஸ் பாலிசி பேசச் சொல்வதும் அவரேதான். சாயந்திரம் ரீஜனல் ஆபீசிலிருந்து போன் வந்தால், “இன்னைக்கு எத்தனை பாலிசி?” என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. எனக்குச் சோம்பல் வந்துவிட்டதா?

– வங்கி ஊழியர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சோம்பல் இல்லை. பயிர்க்கடன் சீசனில் உடம்பு களைத்தது. ஆனால் விவசாயியின் கணக்கில் பணம் ஏறியதைக் கண்ணால் பார்த்தீர்கள். இப்போது கூட்டத்தைக் கவனித்தால் பாலிசி போகிறது, பாலிசி பேசினால் வரிசை நீள்கிறது. எதைச் செய்தாலும் ஒரு பக்கம் பேச்சு வாங்குகிறீர்கள்.

உளவியலாளர் ராபர்ட் கான் குழுவினர் 1964-லேயே வேலையில் இப்படி முரணான எதிர்பார்ப்புகள் தரும் அழுத்தத்தைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நம் நாட்டில் உளவியலாளர் உதய் பரீக், பொறுப்பு சார்ந்த அழுத்தத்தைப் பத்து வகையாகப் பிரித்தார். அதில் இரண்டு உங்களுக்கு அப்படியே பொருந்தும்: ஒரே ஆளிடம் எதிரெதிரான எதிர்பார்ப்புகளை வைப்பது, தன் மனசாட்சிக்கும் தன் பொறுப்புக்கும் இடையே தூரம் விழுவது. இரண்டாவதுதான் உங்களை அதிகம் அரிக்கிறது என்று நினைக்கிறேன். பென்ஷன் பணத்தை நம்பிக் கொண்டுவருகிறவரிடம், அவருக்குத் தேவையா என்று உங்களுக்கே தெளிவில்லாத ஒன்றை விற்கச் சொல்கிறார்கள்.

பல ஆய்வுகளைத் திரட்டி 2010-ல் வெளியான ஒரு அலசல், களைத்துப்போவது வேறு, மனம் ஒட்டாமல் போவது வேறு என்று காட்டியது. வேலைப்பளு, நேர நெருக்கடி போன்றவை ஆளைக் களைப்பாக்கினாலும் ஈடுபாட்டைக் குறைப்பதில்லை, கூட்டவும் செய்கின்றன. குழப்பமான பொறுப்பும் முரணான உத்தரவும் களைப்பையும் தந்து ஈடுபாட்டையும் தின்றுவிடுகின்றன. அதனால்தான் ஒரு வாரம் லீவு போட்டு வந்தாலும் உங்களுக்குச் சரியாகாது.

மேனேஜரிடம் “வேலை அதிகம்” என்று போகாதீர்கள். அதற்கு அவரிடம் பதில் தயாராக இருக்கும். “மதியம் வரை கவுன்ட்டர் மட்டும் பார்க்கிறேன், அதற்குப் பிறகு பாலிசி பேசுகிறேன், சரியா சார்?” என்று கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்டதை அன்றே ஒரு மெயிலில் போட்டுவையுங்கள். முரணை உண்டாக்கியவர்தான் அதைத் தீர்க்கவும் வேண்டும்; அதை நீங்கள் தனியாகச் சுமப்பது நியாயமே இல்லை.

பாலிசி பேசும்போது, எத்தனை வருடம் பிரீமியம் கட்ட வேண்டும், நடுவில் நிறுத்தினால் என்ன நஷ்டம், பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பித் தரலாம் என்ற மூன்றையும் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். எண்ணிக்கை குறையலாம். ஆனால் அந்தப் பெரியவர் அடுத்த மாதம் வரும்போது நீங்கள் தலைகுனிய வேண்டியிருக்காது.

பேசியும் மேனேஜர் மாறவில்லை என்றால் சங்கத்திடம் கொண்டுபோங்கள். உங்கள் கிளையில் மட்டும் நடக்கிற விஷயமில்லை இது. வாரக்கணக்கில் தூக்கம் கெட்டிருந்தால், அதற்கெல்லாம் காத்திருக்காமல் முதலில் மருத்துவரைப் பாருங்கள்.