விளிம்பைச் சீவினால் அட்டை புதிதாகுமா?

மாணவர்களே, 1909 முதல் 1911 வரை அமெரிக்காவில் சிகரெட் பெட்டிகளுக்குள் சிறிய அட்டை ஒன்றையும் வைத்து விற்றார்கள். ஏறத்தாழ 37 மில்லிமீட்டர் அகலம், 67 மில்லிமீட்டர் உயரம். அதில் ஒரு பேஸ்பால் ஆட்டக்காரரின் வண்ணப்படம் இருக்கும். சேகரிப்பாளர்கள் இவ்வரிசையை டி206 என்பார்கள். இதில் ஹோனஸ் வாக்னரின் அட்டை மிக அரிது. 1936இல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்வான ஐவரில் அவரும் ஒருவர். 2022இல் அவருடைய அட்டை ஒன்று 7.25 மில்லியன் அமெரிக்க டாலருக்குக் கைமாறியது. அதுவும் நன்றாகத் தேய்ந்துபோன அட்டை!

இத்தகைய அட்டைகளுக்கு 1 முதல் 10 வரை தரம் இடுவதற்கென்றே நிறுவனங்கள் உள்ளன. மூலைகளின் கூர்மை, விளிம்பு, மேற்பரப்பு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். தரம் 3 உள்ள அட்டையை விற்று, மேலும் பணம் சேர்த்து, தரம் 5 உள்ளதை வாங்குவது நேர்மையான வழி. கையிலுள்ள அட்டையையே ‘அழகுபடுத்துவது’ இன்னொரு வழி. இங்குதான் அறிவியல் வருகிறது.

காகிதம் என்பது பின்னிக் கிடக்கும் செல்லுலோஸ் இழைகள். செல்லுலோஸ், குளுக்கோஸ் அலகுகள் கோத்த நீண்ட சங்கிலி. காகிதத்தில் அமிலமும் காற்றில் ஈரப்பதமும் இருந்தால் நீராற்பகுப்பு நடந்து சங்கிலி துண்டாகும், காகிதம் நொறுங்கும். மரக்கூழிலுள்ள லிக்னின், ஒளியும் ஆக்சிஜனும் பட்டால் பழுப்பாகும். இவ்விரு மாற்றங்களும் திரும்பி வராதவை. ஆகவே பழைய அட்டையைப் ‘புதிதாக்க’ முடியாது. எதையாவது நீக்கத்தான் முடியும்.

அப்படி நீக்கப்பட்ட அட்டைதான் உலகப் புகழ் பெற்றது. பனி ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி 1991இல் ஒரு கூட்டாளியுடன் சேர்ந்து 451,000 டாலருக்கு ஒரு வாக்னர் அட்டையை வாங்கினார். அதற்கு 8 என்ற உயர்ந்த தரமும் கிடைத்தது. அதை முன்பு விற்றவரான பில் மாஸ்ட்ரோ, ஓரங்களைச் சீவியது தாம்தான் என்று 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மழுங்கிய ஓரம் போனால் மூலை கூர்மையாகத் தெரியும் அல்லவா? கூர்மைக்கு மதிப்பெண் உண்டு, ஆனால் கூர்மை எப்படி வந்தது என்பது தரம் இடுபவர் கண்ணுக்குத் தப்பிவிடலாம். என் பார்வையில் அந்த அளவுமுறையின் பெரிய ஓட்டை இதுவே.

முழுப் போலி அட்டையைப் பிடிப்பது சற்று எளிது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, காகிதம் பளிச்சென்று தெரிவதற்காக ஒளிர்வூட்டும் வேதிப்பொருள்களைச் சேர்ப்பது பரவலானது. இவை கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை உறிஞ்சி, அலைநீளம் கூடிய நீல ஒளியை வெளிவிடும். இருட்டறையில் புற ஊதா விளக்கைக் காட்டும்போது ‘1909ஆம் ஆண்டு’ அட்டை நீலமாக ஒளிர்ந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும்.

ஆனால் ஒளிரவில்லை என்றால் உண்மையான அட்டை என்று முடிவு கட்டலாமா? கூடாது. ஒளிர்வூட்டி சேர்க்காத காகிதம் இன்றும் கிடைக்கிறது. பழைய புத்தகத்தின் வெற்றுத் தாளில்கூட ஒருவர் அச்சிடலாம். இச்சோதனை போலியைக் காட்டிக் கொடுக்கும். அசலுக்குச் சான்றிதழ் தராது. தேர்வில் ‘முடிவு’ எழுதும்போது பலர் சறுக்கும் இடமும் இதுதான்.

சீவிய விளிம்பு எப்படியிருக்கும் என்று வீட்டிலேயே பார்க்கலாம். நாளிதழ்த் தாள்கள் சிலவற்றை அடுக்கி, கட்டி, சன்னலோரம் சில வாரம் வையுங்கள். ஓரங்கள்தாம் முதலில் பழுப்பாகும். பிறகு ஒரு பக்கத்தில் மட்டும் ஐந்து மில்லிமீட்டர் வெட்டி, வெட்டாத ஓரத்தோடு உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒப்பிடுங்கள். நிறத்தில் என்ன வேறுபாடு? இழைகளின் நுனியில்? இந்தப் பக்கத்தையே பயன்படுத்தலாம், படித்து முடித்த பிறகு!