லகூன் வியூ கட்டப்போகும் மருமகனுக்கு

மருமகனே,

உன் கடிதத்தில் முக்கால்வாசி இடம் டைல்ஸுக்கும் ஏ.சி.க்கும் போயிருக்கிறது. பெயர்ப் பலகையைக்கூடக் கீறி அனுப்பியிருக்கிறாய்: 'லகூன் வியூ', எட்டு அறை, இறக்கக்கண்டி. கேள்வி என்று பார்த்தால் கடைசியில் ஒரே வரி. குச்சவெளிப் பிரதேச சபை பிளானைப் பாஸ் பண்ணிவிட்டால் போதும்தானே மாமா என்று கேட்கிறாய்.

போதாது. இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் கட்டாரில் உழைத்த காசை முழுவதுமாக இதில் இறக்கப் போகிறாய். காணியோ உன் அம்மாவுக்கு நாங்கள் கொடுத்த சீதனக் காணி. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பாதியில் கொட்டாவி வந்தால் எழும்பி ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து மிச்சத்தை வாசி.

முதலில் சபை எதைப் பார்க்கிறது என்று விளங்கிக்கொள். நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் 1978இல் வந்தது. அதன் கீழ் அறிவிக்கப்பட்ட பகுதிகளில் கட்டட அனுமதியைப் பெரும்பாலும் உள்ளூர்ச் சபைதான் கையாளுகிறது. திட்டமிடல் குழு என்று ஒன்று கூடிப் பார்க்கும். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து வீதியிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறாய், எத்தனை வாகனம் நிற்கும், மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து எத்தனை அடி என்று அளப்பார். அது அவருடைய வேலை, அதைச் சரியாகவே செய்வார். ஆனால் அவர் கையில் இருப்பது உன் நாலு எல்லைக்கல்லுக்குள் அடங்கிய படம். மாரியில் களப்பு எதுவரை ஏறும், இறால் குஞ்சு எந்த வேருக்குள் ஒதுங்கும் என்பதெல்லாம் அந்தப் படத்தில் இருக்காது. அதைப் பார்க்க வேண்டியவர்கள் வேறு திணைக்களங்களில் இருக்கிறார்கள். சபை 'ஓம்' சொன்னதால் அவர்களும் 'ஓம்' சொல்லியாக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

கரையோரம் பேணல் திணைக்களத்தில் இருந்தே தொடங்குவோம். 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டப்படி, உயர் நீர்க்கோட்டிலிருந்து தரைப்பக்கம் 300 மீட்டரும் தாழ் நீர்க்கோட்டிலிருந்து கடற்பக்கம் 2 கிலோமீட்டரும் கரையோர வலயம். "என் காணி கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு களப்பைப் பார்க்கிறது" என்று நீ சொல்லுவாய் என்று தெரியும். கடலோடு இணையும் களப்பையும் ஆற்றையும் அந்தச் சட்டம் விட்டுவிடவில்லை. முகத்துவாரத்திலிருந்து உள்ளே 2 கிலோமீட்டர் வரை அதுவும் வலயம்தான். 2011 திருத்தத்தில் அப்படிப்பட்ட நீர்நிலைகளின் ஓரமாக 100 மீட்டர் நிலத்தையும் சேர்த்தார்கள். இறக்கக்கண்டிப் பாலத்தில் நின்று பார், முகத்துவாரம் எவ்வளவு கிட்ட என்று உனக்கே தெரியும். சின்ன வேலைகளுக்குப் பிரதேச செயலகத்திலேயே அனுமதி எடுக்கலாம். எட்டு அறை விடுதியைச் சின்ன வேலை என்று உன்னைத் தவிர வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

அடுத்தது உனக்குக் கட்டாயம் தெரிந்திருக்காது. நிலாவெளிக்கு முன்னால் கிடக்கிற புறாத்தீவு 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. வனசீவராசிகள் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது: தேசியப் பூங்கா போன்ற ஒதுக்கங்களின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் யார் எந்த அபிவிருத்தி வேலை செய்தாலும் வனசீவராசிகள் பணிப்பாளர் நாயகத்தின் எழுத்து அனுமதி முன்கூட்டியே வேண்டும். உன்னைப் போன்ற தனியாளுக்கும் சரி, அரசாங்கத்துக்கும் சரி. ஸ்கேலை எடுத்துத் தீவின் பாறையிலிருந்து அளந்துவிட்டு "தப்பினேன்" என்று துள்ளாதே. பூங்கா என்பது அந்த இரண்டு பாறைத்தீவு மட்டுமல்ல. சுற்றியிருக்கிற பவளப்பாறைக் கடலையும் சேர்த்து 471 ஹெக்டயர். அந்த எல்லையிலிருந்துதான் மைல் தொடங்கும். உன் காணி உள்ளே விழுகிறதா வெளியே விழுகிறதா என்று நில அளவையாளரைக் கொண்டு பார்த்துவிட்டு அப்புறம் டைல்ஸுக்கு நிறம் பார்.

இனி உன் பெரிய வாதம். "மாமா, சுற்றாடல் அறிக்கை எல்லாம் பெரிய ஆட்களுக்குத்தான். கூகுளில் பார்த்தேன்." நன்றாகத்தான் பார்த்திருக்கிறாய். 1993 ஜூன் 24ஆம் திகதி வர்த்தமானியில் பட்டியல் இருக்கிறது. 99 அறைக்கு மேற்பட்ட ஹோட்டல், 4 ஹெக்டயருக்கு மேல் ஈரநிலம் நிரப்புதல் என்று அளவு போட்டிருக்கிறார்கள். அதே வர்த்தமானியின் அடுத்த பகுதியை வாசிக்காமல் விட்டுவிட்டாய். சரணாலய எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள், 25 மீட்டருக்கு மேல் அகலமான பொது நீரோடையின் கரையிலிருந்து 60 மீட்டருக்குள் என்று இன்னொரு பட்டியல் வருகிறது. அந்த இடங்களில் இந்த அளவுக் கணக்கு ஓடாது. வேலை சின்னதாயிருந்தாலும் கேட்கலாம்.

அந்த இடங்களுக்குள் நீ வரவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் 99 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு தொங்காதே. கொட்டியாரக் குடாவையோ தம்பலகாமக் குடாவையோ ஒரே ஆள் வந்து 4 ஹெக்டயர் நிரப்பிவிட்டுப் போவது அபூர்வம். பத்துப் பேர் ஆளுக்கு ஓர் ஏக்கர் நிரப்புவார்கள். ஒவ்வொருவரும் அளவுக்குக் கீழே, ஒவ்வொருவரிடமும் தனித்தனிக் கோப்பு, ஒவ்வொரு கோப்பும் சுத்தம். பத்தையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்கிற ஆள் எந்தக் கந்தோரிலும் இல்லை. நெல் மூட்டையை எலி காலி பண்ணுகிற மாதிரி. நம்முடைய பரிசீலனை முறையில் நான் காண்கிற ஆகப் பெரிய குறை இதுதான். உன்னுடைய எட்டு அறையும் அந்தப் பத்தில் ஒன்று. கோபம் வருகிறதா? வரட்டும்.

"பாதுகாக்கப்பட்ட இடம் என்றால் போர்ட் போட்டிருக்க வேண்டாமா?" என்று அடுத்துக் கேட்பாய். ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் இலங்கையின் ஆறு ஈரநிலங்கள் இருக்கின்றன. புந்தலவில் தொடங்கி வங்காலை, வில்பத்து வரை. திருகோணமலையில் ஒன்றுகூட இல்லை. மகாவலி 335 கிலோமீட்டர் ஓடிவந்து விழுகிற குடா நம்முடையது. அதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. துறைமுகத்துக்குள் இருக்கிற சோபர் தீவுகள் 1963இல் சரணாலயமாகின. வடக்கே கொக்கிளாய் 1951இலேயே ஆகிவிட்டது. இந்த மாவட்டத்தில் கிடக்கிற உப்பாறு, இறக்கக்கண்டி போன்ற களப்புகளுக்குப் பெயர் சொல்ல ஆளில்லை. போர்ட் இல்லாத இடத்தில்தான் பரிசீலனை கவனமாக நடக்க வேண்டும் என்பேன் நான். போர்ட் இருந்தாலும் எல்லாம் முடிந்துவிடாது. சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022இல் ராம்சர் தளமானது. அதன் பிறகும் அதைச் சுற்றிக் கட்டடங்களுக்கு அனுமதி போய்க்கொண்டுதான் இருந்தது. கடைசியில் 2025 செப்டெம்பரில் இந்தியாவின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டு, சதுப்பின் பாதிப்பு வலயத்தை ஆய்ந்து முடிக்கும்வரை ஒரு கிலோமீட்டருக்குள் புது அனுமதி கொடுக்காதே என்று பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குச் சொல்ல வேண்டி வந்தது. அங்கே முன்பணம் கட்டிவிட்டு நிற்கிறவர்களை நினைத்துப் பார். ஈ.எம்.ஐ. மட்டும் மாதம் தவறாமல் போகும்.

இப்போது டிப்பருக்கு வருகிறேன். ஆம், தெரியும். ஊரில் எனக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். பின்பக்கத்தில் கிரவல் கொட்டத் தொடங்கிவிட்டாயாம். "மேடாக்கிவிட்டால் அது களப்பு இல்லை, காணிதானே" என்பது உன் கணக்கு. பழைய செய்மதிப் படங்கள் யாருடைய ஃபோனிலும் வரும் காலம் இது. எப்போது நீர், எப்போது கிரவல் என்பதை ஒரு பள்ளிக்கூடப் பெடியன் ஒப்பிட்டுக் காட்டிவிடுவான். அனுமதியில்லாமல் வலயத்துக்குள் செய்ததை உடைத்து அகற்றச் சொல்லத் திணைக்களத்துக்கு அதிகாரம் உண்டு. உன் வேலையாள் தில்லை மரத்தை வெட்டிப் பால் கண்ணில் பட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினான் என்றும் கேள்வி. அந்த மரத்தின் குணம் தெரியாதவனைக் கண்டலுக்குள் இறக்கலாமா?

சட்டத்தை ஒரு பக்கம் வை. அந்தப் பின்பக்கம் கார்த்திகை, மார்கழியில் நீர் நிற்கிற இடம். வீதி வெள்ளமாகாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நிரப்பினால் நீர் காணாமற் போகாது, பக்கத்து வளவுக்குப் போகும். அங்கும் நிரப்பினால் உன் வரவேற்பறைக்கு வரும். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயலோடு மூதூரும் வெருகலும் பட்ட பாட்டைத் தொலைக்காட்சியில் பார்த்தாய்தானே? உன் கிணறு வேறு இருக்கிறது. அந்த மணலில் நன்னீர் மெல்லிய படையாக உவர் நீருக்கு மேலே நிற்கிறது. எட்டு அறைக்கு மோட்டர் போட்டு உறிஞ்சினால் கொஞ்ச நாளில் விருந்தாளிக்கு உப்புத் தண்ணீரில்தான் தேத்தண்ணி ஊற்றுவாய். மாரியில் நிலத்தடி நீர் ஏறும்போது உன் மலசலகூடக் குழி எங்கே கலக்கும் என்று நான் எழுத வேண்டியதில்லை. களப்பு நாறினால் 'வியூ' எங்கே?

"சபையில் நம்முடைய ஆள் இருக்கிறார்" என்று எழுதியிருக்கிறாய். இருக்கட்டும், நல்ல மனுசன். 2023 மார்ச்சிலிருந்து 2025 மே தேர்தல் வரை நாட்டின் ஏறக்குறைய எல்லா உள்ளூராட்சி மன்றங்களிலும் உறுப்பினர்கள் இருக்கவில்லை. செயலாளர்களும் ஆணையாளர்களும்தான் நடத்தினார்கள். உறுப்பினர் வருவார் போவார், கோப்பு அலுமாரியில் இருக்கும். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் போட்டு அந்தக் கோப்பை உன் பக்கத்து வேலிக்காரரும் கேட்கலாம், மீனவர் சங்கமும் கேட்கலாம்.

ஒன்றில் மட்டும் நீ சொல்வது சரி. "பெரியவர்களை விட்டுவிட்டு எங்களைத்தான் பிடிப்பார்கள்" என்று எழுதியிருக்கிறாய். இந்த மாவட்டத்தில் அதை மறுக்க எனக்கு வாய் வராது. வனம், தொல்லியல், துறைமுகம், கடற்படை என்று ஒவ்வொரு பெயரிலும் சனங்களின் காணிக்குள் கட்டை நட்டிருக்கிறார்கள். முத்துநகர் விவசாயிகள் சூரிய மின் திட்டத்துக்காக வயலை விட்டு எழும்பச் சொல்லப்பட்டு 2025இல் வீதிக்கு வந்தார்கள். சட்டம் எளியவன் பக்கம் வரும்போது வேகமாகவும் மற்றப் பக்கம் போகும்போது நொண்டியும் நடக்கிறது. ஆனால் அதற்காக நீயும் சட்டத்தைத் தாண்டினால் யாருக்கு வசதி? நாளைக்கு உன் களப்புக்கு எதிரே நூறு அறைக்காரன் வந்து நிரப்பத் தொடங்கும்போது உன் முறைப்பாட்டை எடுத்துக்கொண்டு எங்கே போவாய்? அவன் முதலில் கேட்பது உன் அனுமதிக் கடிதத்தைத்தான்.

பெரியவர்களை ஒருநாளும் மறிக்க முடியாது என்றும் நினைக்காதே. சம்பூரில் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் என்.டி.பி.சி.யும் சேர்ந்து 500 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்ட 2006இல் உடன்பட்டார்கள். இரண்டு அரசாங்கங்கள் பின்னால் நின்ற திட்டம். சூடான நீர் கடலுக்குப் போகும், சாம்பல் எங்கே போகும் என்ற கேள்விகள் எழுந்தன. ஒரு சுற்றாடல் அமைப்பு உயர் நீதிமன்றம் போனது. 2016 செப்டெம்பரில் அந்த நிலையம் கட்டப்படாது என்று சட்டமா அதிபர் தரப்பு மன்றில் சொன்னது. அரசியலும் அதில் கை கொடுத்தது, மறைக்கவில்லை. ஆனாலும் கேள்வி எழுத்தில் இருந்தபடியால்தான் கடைசியில் யாரோ அதற்குப் பதில் சொல்ல வேண்டி வந்தது. இப்போது அங்கே சூரிய மின் திட்டத்துக்கு அடிக்கல் நட்டிருக்கிறார்கள்.

பெரிய திட்டங்களின் தாக்க மதிப்பீட்டு அறிக்கை மூன்று மொழிப் பத்திரிகையிலும் அறிவித்தலோடு வரும். கருத்துச் சொல்ல முப்பது நாள். நம் ஆட்கள் முப்பத்தோராம் நாள் கூட்டம் போட்டுக் கத்துவார்கள். நூறு அறைக்காரன் வரும்போது அந்த முப்பது நாளுக்குள் எழுத வேண்டியவன் நீ. "களப்பைக் காப்பாற்றுங்கள்" என்று எழுதாதே, அதை யாரும் கோப்பில் சேர்த்துப் பதில் தரமாட்டார்கள். எந்த மாதத்தில் எங்கே இறால் பிடிக்கிறார்கள், எந்த மதகால் நீர் வடிகிறது, எந்தக் கிணறு உவர்த்தது என்று எழுது. பதில் சொல்லாமல் தப்ப முடியாத கேள்வி அதுதான்.

சரி, உன் வேலைக்கு வருவோம். டிப்பரை இன்றைக்கே நிறுத்து. கொட்டின கிரவலை அள்ளி வீதிப் பக்கத்தில் போடு, அங்கேதான் அது உனக்குத் தேவைப்படும். முதலில் கரையோரத் திணைக்களம், பிறகு வனசீவராசிகள், அந்தக் கடிதங்களோடு சபை. இந்த ஒழுங்கில் போ. தலைகீழாகப் போனால் பிளான் கீறின காசு இரண்டு தரம் போகும். கட்டி முடித்து இணக்கச் சான்றிதழ் எடுக்கும்போதும் இதே கடிதங்களைத்தான் தேடுவாய். கட்டடத்தை வீதிப் பக்கம் தள்ளினால் ஐந்து அறை வசதியாக வரும், பின்னால் கண்டல் நிற்கும், கொக்கும் நீர்க்காகமும் காசில்லாமல் வரும். விருந்தாளி அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம் வருகிறான். உன் டைல்ஸை அவன் ஊரிலேயே பார்த்திருப்பான்.

உறுதியின் பிரதியும் அளவைப் படத்தின் பிரதியும் எனக்கு அனுப்பு. படத்தில் களப்புப் பக்க எல்லையை எந்த வருடத்தில் கீறினார்கள் என்று பார்க்க வேண்டும். கிரவல் கதையை அக்காவிடம் நான் சொல்லவில்லை. அதை நீதான் சொல்ல வேண்டும், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் நல்லது.

அன்புடன்,
மாமா